நான்கு சொட்டு பிட்டர்ஸ்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் தாளில் எழுதுகிறேன். அடுக்களைக் குழாயை ஒருவழியாகச் சரிசெய்தாயிற்று. அக்காவின் சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, ஆனாலும் பேச்சு குறையவில்லை.

நீ அனுப்பிய பிட்டர்ஸ் என்கிற கசப்புச் சாறு பாட்டில் உடையாமல் வந்தது. கூட வைத்திருந்த சீட்டையும் படித்தேன். உன் பாரில் விஸ்கியும் சர்க்கரையும் கலந்த கிளாஸில் இதை இரண்டு சொட்டு விட்டால்தான் இனிப்பும் காரமும் ஒட்டும், சமையலுக்கு உப்பு மாதிரி என்று எழுதியிருந்தாய். சாப்பிட்ட பிறகு சோடாவில் நாலு சொட்டு விட்டுக் குடித்தால் வயிற்று உப்புசம் இறங்கும், ஆனால் இதிலேயும் ஆல்கஹால் இருக்கிறது, அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கொடு என்றும் எழுதியிருந்தாய். தப்பு உன் பேரில் இல்லை, நான்தான் அவரிடம் சொல்லவில்லை. ராத்திரியெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கப் பொறுக்கவில்லை, நாலு சொட்டுதானே என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு மூன்று நாள் மத்தியானம் கொடுத்தேன். வயிறு லேசாக இருக்கிறது என்றார். நாலாம் நாள் நான் துணி காயப்போட்டுவிட்டு வந்தால் பாட்டில் மேசைமேல் இருக்கிறது, அவர் லேபிளைப் படித்துக்கொண்டிருக்கிறார். முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர் கண்ணில் மண்ணைத் தூவப் பார்த்தது என் புத்தி.

அவர் கத்தவில்லை. "சாப்பாடு முடியறதுக்குள்ள அந்த கிளாஸ் எப்ப வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வெறும் சோடாவுக்கு நான் அப்படிக் காத்திருக்க மாட்டேனேன்னு தேடிப் பாத்தேன்" என்றார். ஒன்பது வருஷம் குடியைத் தொடாமல் அவர் கட்டிக் காத்ததை நான் மூன்று மத்தியானத்தில் ஆட்டிவிட்டேனே என்று அழுதேன். இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சனிக்கிழமை, குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்குப் போய் எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அங்கே மீசைக்காரர் என்று ஒரு லாரி டிரைவர், "தெரியாம உள்ள போனது வேற, தெரிஞ்சு கைய நீட்டுறது வேற, இன்னைக்கு நீட்டாம இருங்க போதும்" என்றாராம். அதன் பிறகுதான் வீட்டில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

பாட்டிலைக் கொட்டப் போனேன், தடுத்துவிட்டார். "அது அவ தொழில் சாமான், நல்ல சரக்குதான், எனக்கு ஆகாது அவ்வளவுதான்" என்று மாடியில் இருக்கும் பல் டாக்டரிடம் கொடுத்துவிட்டு வந்தார். இப்போது ஆரஞ்சுத் தோலையும் ஏலக்காயையும் தண்ணீரில் கொதிக்கவைத்துக் குடிக்கிறார், வயிறு பாதி கேட்கிறது, பாதி கேட்கவில்லை. அடுத்த வாரம் வயிற்று டாக்டரிடம் கூட்டிப்போகிறேன், இனி என் கைவைத்தியம் வேண்டாம்.

உன் சீட்டைக் கேட்டு வாங்கி இரண்டு தடவை படித்தார். நீ பாரில் சேர்ந்த இந்த இரண்டு வருஷத்தில் அவர் உன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பது உனக்கே தெரியும். அன்றைக்கு, "இவ்வளவு நுணுக்கம் இருக்கா இதுல, நின்னுக்கிட்டேவா வேலை செய்யறா, காலு வலிக்காதா" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, நீயே எழுது. அடுத்த மாதம் உன்னைப் பார்க்க வருகிறோம், டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டார். "அவ வேலை செய்யற இடத்துக்குள்ள நான் வரமாட்டேன், அத அவ தப்பா எடுத்துக்கக் கூடாது. எதிர்ப்பக்கம் நிக்கறேன், முடிச்சுட்டு வெளிய வரட்டும், சேர்ந்து நடந்து வீட்டுக்குப் போலாம்" என்கிறார்.

நீ தீர்க்காயுசாக, மனநிறைவோடு இருக்க வேண்டும். உனக்கு வேலை எத்தனை மணிக்கு முடியும் என்பதை மறக்காமல் எழுது, அவர் தினமும் கேட்கிறார்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா