பதினோரு மணித் தண்ணீர்

பங்குனி 20, திங்கள்

விடியும்போதே வெயில். காற்று உடம்பில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. தூக்கம் சரியில்லை.

பார்க்க வேண்டியவை: ரேஷன் அரிசி. பள்ளிக்கூடத்துப் பக்கம் தெருவிளக்கு. மேரி.

மேரி உப்பளத் தெருக்காரி. நான் மெம்பராக இருக்கும் வார்டுதான். நேற்று சாயங்காலம் வந்தவள் உட்காரவே இல்லை.

"தண்ணி ஏழு மணிக்கு உடறாங்க. நாங்க நாலு மணிக்கே அளத்துக்குப் போயிடறோம். திரும்பி வர பதினொண்ணு ஆவுது. அதுக்குள்ள நின்னுடுது. யாரு புடிக்கறது அக்கா? கால் கழுவக்கூட நல்ல தண்ணி இல்ல, பாருங்க."

பார்த்தேன். உப்புத் தண்ணீரில் நின்று நின்று விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. நான் சும்மா இருக்காமல், "நீ உப்பு கொண்டா, நான் தண்ணி கொண்டாறேன், சேர்ந்து கஞ்சி காய்ச்சிடலாம்" என்றேன். சிரிக்கவில்லை.

"ஓட்டு கேக்க மட்டும் மூணரைக்கே வந்து கதவத் தட்டினீங்க. எப்ப வூட்ல இருப்போம்னு அப்ப கரெக்டா தெரிஞ்சுது."

என் வாயை ஒருத்தி அடைத்துவிட்டாள் என்று ஊருக்குத் தெரிந்தால் சர்க்கரைப் பொங்கல் வைப்பார்கள்.

செவ்வாய்

பேரூராட்சி ஆபீஸ். மின்விசிறி சுற்றுகிறது, காற்று இல்லை. தண்ணீர் திறந்துவிடும் தனசேகரைப் பிடித்தேன்.

"டேங்க் ஒண்ணுதான் மெம்பரம்மா. பாதிய நிறுத்தி வெச்சா பதினோரு மணிக்கு அவங்களுக்கு உடலாம். ஆனா உங்க தெருவுக்கு ஒரு மணி நேரம் வர்றது அரை மணி ஆயிடும். அப்புறம் என்னைத் திட்டுவாங்க."

"உன்னை ஏம்பா திட்டப்போறாங்க? அதுக்குத்தானே என்னை ஓட்டுப் போட்டு வெச்சிருக்காங்க."

தலைவர் வேறு மாதிரி பேசினார். "அந்தத் தெருவுல தண்ணி வழிஞ்சு ரோட்டுல ஓடுதும்மா. நானே பாத்தேன். அவங்களுக்கா பத்தல?"

பொய் இல்லை. நானும் பார்த்திருக்கிறேன். 'உப்பளத் தெருவில் படகு விடலாம்' என்று கிண்டலும் செய்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பு. ரசத்துக்கு இரண்டு தடவை உப்பு.

புதன்

ஏழு மணிக்கு உப்பளத் தெருவில் போய் நின்றேன். எல்லா வீடும் பூட்டு. வாசல் குழாய் எல்லாம் திறந்தபடி, ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு குடம். தண்ணீர் வந்தது. குடம் நிறைந்தது. மாற்றிவைக்க ஆள் இல்லை, மூட ஆள் இல்லை. மிச்சமெல்லாம் சாக்கடைக்கு. காக்கைகள் குளித்தன.

வீட்டுக்கு ஒரு குடம். அவ்வளவுதான் அவர்களுக்கு. தெருவில் ஓடும் தண்ணீரைப் பார்த்து நாங்கள் எல்லோரும் நிறைய வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்காரர் தன் தங்கை செல்வியிடம் உளறிவிட்டார். எங்கள் தெருவில் இட்லிக் கடை அவளுக்கு.

"ஏன் அண்ணி, அரை மணி நேரத் தண்ணியில நான் இட்லி ஊத்துவனா, தட்டு கழுவுவனா?"

"கழுவாமலே போடு. உன் சாம்பாருக்கு யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டாங்க."

மற்ற நாளில் கரண்டியை ஓங்கிக்கொண்டு சிரிப்பாள். இன்று உள்ளே போய்விட்டாள்.

வியாழன்

காலையில் தலைவர் வீட்டு வாசலில் நின்றேன். அவர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து உப்பளத் தெருவுக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். ஒவ்வொரு பூட்டாகப் பார்த்தார்.

"மூட ஒரு ஆள் கூடவா இல்ல?"

"எல்லாரும் உப்பு வாரப் போயிருக்காங்க தலைவரே. உங்க வூட்டு ஊறுகாய்க்கும் சேர்த்துத்தான்."

மத்தியானம் பேரூராட்சிக் கூட்டம். வீட்டுக்காரர் வழக்கம்போல வந்து பின்னால் உட்கார்ந்தார். அவர் ஒரு தடவை இருமினால் நான் கை தூக்க வேண்டும், இரண்டு தடவை என்றால் பேசாமல் இருக்க வேண்டும். இத்தனை நாள் அப்படித்தான். இன்று நான் எழுந்ததும் இரண்டு தடவை. பேசிக்கொண்டே இருந்தேன். மறுபடி இரண்டு. போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து மிச்சத்தையும் பேசினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் தவிர.

பதினோரு மணித் தண்ணீரை ஒரு மாதம் விட்டுப் பார்க்கலாம் என்று முடிவு. டீ ஆறிப்போயிருந்தது.

வெள்ளி

பதினோரு மணி. உப்பளத் தெரு முனையில் நின்றேன். அளத்திலிருந்து முழங்கால்வரை வெள்ளையாக வந்தார்கள். தனசேகர் திறந்தான். குழாய் முதலில் இருமி (வீட்டுக்காரர் ஞாபகம்), பிறகு தண்ணீர். மேரி முதல் குடத்தைப் பிடிக்கவில்லை. காலை நீட்டிக் குழாயடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"எத்தினி நாளைக்குக்கா இது?"

"ஒரு மாசம் பாக்கறாங்க."

"அப்புறம்?"

அவள் குடத்தை எடுத்துக் குழாயடியில் வைத்தேன்.

சனி

எங்கள் தெருவில் ஒருத்தரும் என்னிடம் பேசவில்லை. பூக்காரி கூட முழத்தை என் பக்கம் நீட்டாமல் போனாள். வீட்டுக்காரருக்குச் செல்வி கடையில் சாப்பாடு. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பீச் வரை நடந்து திரும்பினேன்.

ஞாயிறு

காலையில் அரை மணி நேரத்தில் தண்ணீர் நின்றது. இப்போது வாசலில் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் கேட்டிலிருந்து தெருமுனை வரை காலிக் குடங்கள் வரிசையாக. முதல் குடம் செல்வியுடையது. அவளும் பக்கத்தில்தான் நிற்கிறாள், இடுப்பில் கை.

"மெம்பரம்மா, வெளிய வாங்க" என்கிறாள். அண்ணி என்று கூப்பிடவில்லை.

புடவையை மாற்றிக்கொண்டு கேட்டைத் திறக்கப் போகிறேன்.