சின்னுவின் ஆப் பேசாத காலை

ஐப்பசி 9, திங்கள்

சின்னு, விடியலிலிருந்து தூறல். காயப்போட்ட நெத்திலி பாதி வீண். அதற்குள் ஊரப்பாக்கத்திலிருந்து உன் சிநேகிதன் யுவராஜ் போன். உன் ஆப்பைப் பற்றி மறுபடி எவனோ கேட்டிருக்கிறானாம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று நெட்டில் திறந்து போட்டாயே, அந்தப் பக்கத்தில்.

"ரெண்டு வருசமா ஒரு எழுத்துகூட மாறல, இது செத்துப்போச்சானு கேக்குறான்மா."

போனிலேயே கத்தினேன். செத்தது நீ. ஆப் இல்லை. போன வாரம்கூட வானிலை ஆபீசில் எச்சரிக்கை போட்டதும், கடப்பாக்கத்துப் படகுக்காரர் போனிலெல்லாம் உன் குரல்: "வாடை ஏறுது, கரையிலயே இரு." செத்ததா பேசும்?

"கத்தாதம்மா. எவன் திருத்தினாலும் போன்ல ஓடுறத மாத்த பாஸ்வேர்டு வேணும். பேஜாரு பண்ணாம சின்னு எழுதி வெச்சதக் குடு. ஒரு தபா பாத்துட்டு வெச்சிடறேன்."

கொடுக்கவில்லை. கையை வைத்தால் உன் குரலை எடுத்துவிட்டு மெஷின் பொம்பளையைப் பேச வைப்பான்.

ஐப்பசி 10, செவ்வாய்

வெயில். படாளத்து வாடிக்கை வீடுகளுக்குச் சங்கரா மீன் கொடுத்தேன். வாங்க வேண்டியது: கல்லுப்பு, பல்பு, உன் படத்துக்குப் பூ.

வேலு மாமாவிடம் சொன்னேன். என் தம்பிக்காவது புத்தி இருக்கிறது. "இன்னாத்துக்குக்கா மாத்தணும்? நல்லாத்தான கீது. சும்மா இருக்கமாட்டானா அவன்?" இன்னொரு துண்டு மீன் வைத்தேன்.

ஐப்பசி 12, வியாழன்



காலையில் போன் பேசவில்லை. பேசாவிட்டால் நல்ல கடல் என்றுதானே அர்த்தம். வேலு கிளம்பினான். எட்டு மணிக்கு வாடை. கூரைத் தகரம் அடித்துக்கொண்டது. கரைக்கு ஓடினேன். பத்தரைக்குத்தான் படகு கண்ணில் பட்டது. வலை போச்சு. அவன் முட்டி கிழிந்து ரத்தம்.

"உம்புள்ள இன்னிக்குப் பேசலக்கா." அவ்வளவுதான் சொன்னான். திட்டியிருக்கலாம்.

யுவராஜுக்குப் போன் போட்டேன். வானிலை ஆபீசில் நேற்று எச்சரிக்கை எழுதும் முறையை மாற்றினார்களாம். உன் ஆப்புக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. படிக்கத் தெரியாவிட்டால் வாயை மூடிக்கொள்ளுமாம். நல்ல நாளிலும் மூடிக்கொள்ளும். "தினம் கத்துனா எவன்டா காது குடுப்பான்" என்று நீ ஆப் செய்தபோது உன்னிடம் சொன்னதே இந்த வேலுதான். கடல் நன்றாக இருந்தாலும் பேசாது, ஆப் கெட்டுப்போனாலும் பேசாது. எது எதுவென்று யாருக்குத் தெரியும்?

யார் மேல் கோபப்பட? யுவராஜ், ஆபீஸ், வேலு, நீ. எல்லாருக்கும் முன்னால் நான்.

ரேஷன் கார்டு உறையிலிருந்து நீ பாஸ்வேர்டு எழுதி வைத்த சீட்டை எடுத்தேன். இங்கிலீஷ் எழுத்து. ஏணி மாதிரி ஒன்று, தூண்டில் மாதிரி ஒன்று, முட்டை இரண்டு. போனில் அப்படித்தான் சொன்னேன். யுவராஜ் சிரிக்காமல் எழுதிக்கொண்டான்.

ஐப்பசி 14, சனி

காற்று இல்லை. யுவராஜ் லேப்டாப்போடு வந்தான். அரை மணி நேர வேலை. உன் குரல் அப்படியே இருக்கிறது. இதற்காகவா இத்தனை நாள் அவனோடு சண்டை போட்டேன்.

டீ குடித்துக்கொண்டே, "இன்னொண்ணு கீதும்மா" என்றான். ஆப்புக்குள் நீ பேசி வைத்துவிட்டு எதிலும் சேர்க்காத ஒன்று. போட்டுக் காட்டினான்.

"காத்து இல்ல. போய்ட்டு வா."

நல்ல நாளில் பேசுவதற்கு. பின்னால் நான் மீன் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம். ஏழெட்டுத் தடவை கேட்டேன்.

"இத்த சேத்துட்டா தினமும் ஏதாச்சும் ஒண்ணு பேசும். பேசலன்னா கெட்டுப்போச்சுனு தெரிஞ்சிரும். சேக்கட்டுமாம்மா?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். வேலு சேர்க்கச் சொல்கிறான். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஆனால் அது நீ முடித்து வைத்த வேலையா, பாதியில் விட்ட வேலையா என்று தெரியாமல் எப்படிக் கை வைக்கச் சொல்வேன்? சேர்க்க நேரமில்லாமல் போய்விட்டாயா சின்னு, வேண்டாமென்றுதான் விட்டாயா?