செம்பியை அனுப்பிய பிறகு

கொட்டாரம்,
ஆடி, ஞாயிறு

அன்பு மகள் நந்தனாவுக்கு அம்மா எழுதுவது. நம் சாமி அய்யா புண்ணியத்தில் இங்கே நாட்கள் ஓடுகின்றன, அப்பாவின் முட்டுவலிதான் ஓட விடவில்லை. அந்தக் குளிரில் நீ சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

நியூசிலாந்தில் என் மகள் மேய்ச்சல் மாடுகளின் ஏப்பத்தை அளக்கிறாள் என்றால் இங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள், அப்பா மட்டும் சிரித்ததில்லை. முற்றிய புல் தின்றால் மாட்டு வயிற்றில் காற்று கூடும், அந்தக் காற்றும் பூமியைச் சூடாக்குகிறது என்று நீ சொன்ன நாள் முதல், பழைய மீன் வலை வாங்கித் தென்னந்தோப்பை நாலாக அடைத்து, இளம்புல்லாகப் பார்த்து மாற்றி மாற்றி மேய்க்கிறார். பாலும் கொஞ்சம் கூடியது. பிறகு சித்திரையில் பேசும்போது, பால் தராத மாடும் தின்னும், ஏப்பம் விடும், குறைவாக வைத்து நன்றாக வளருங்கள் என்றாய். அன்றிலிருந்து நம் மூன்று மாட்டில் அவர் கண் செம்பி மேலேயே இருந்தது. இரண்டு வருடத்தில் ஆறு சினை ஊசி போட்டும் அவள் சினை பிடிக்கவில்லையே. படித்த பிள்ளை சொல்லுகிறாள், நாமே கேட்காவிட்டால் யார் கேட்பார் என்று சொல்லி, போன வாரம் தரகர் ஏசுஅடிமையிடம் பிடித்துக் கொடுத்துவிட்டார். மலட்டு மாட்டை வளர்க்கவா வாங்குவார்கள்? எங்கே போகிறது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வழக்கப்படி கயிற்றை மட்டும் அவிழ்த்துக்கொண்டு வந்து தொழுவத்தில் மாட்டினார்.

நான்காம் நாள் அப்பா சொசைட்டிக்குப் பால் கொண்டுபோன நேரத்தில் புது மாட்டு டாக்டர் அபினா வந்தாள். காலி இடத்தைப் பார்த்துக் கேட்டாள், சொன்னேன். ஊசி போட எங்களைக் கூப்பிட எப்போது ஆள் விடுவீர்கள் என்றாள். நம் வீட்டுப் பழக்கம் உனக்குத் தெரியும், பருவத்துக்கு வந்த பசு தவித்துக் கத்தும்போது தொந்தரவு செய்யக் கூடாது, அடங்கட்டும் என்று பொறுப்போம். மற்ற இரண்டும் ஊரையே கூட்டும், தாங்க முடியாமல் சீக்கிரம் ஆள் விடுவோம். செம்பி மெதுவாகத்தான் கத்துவாள், அவளுக்காக மறுநாள் வரை பொறுத்தோம். கத்துத அன்னைக்கேல்லா விளிக்கணும் அம்மா, அடங்கினப்புறம் விளிச்சா எப்பிடிச் சினை பிடிக்கும் என்று டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டாள். செம்பி மலடாக இல்லாமலே இருந்திருக்கலாம் மக்கா. காலத்தில் சினை பிடிக்க வையுங்கள் என்று நீயும்தான் சொன்னாய், நாங்கள் பாதியைத்தான் கேட்டோம். இரண்டு நாள் உன்மேலும் கோபமாக இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். இப்போது கோபப்படவும் தெம்பில்லை.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. இது கிடைத்த பிறகு வரும் ஞாயிறு கூப்பிடும்போது, பசு கத்துகிற அன்றே ஆள் விட வேண்டும் என்று அங்கே புதிதாகக் கண்டுபிடித்ததுபோல நீயே சொல்லிவிடு, உன் பேச்சென்றால் கேட்பார். நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்குக் கம்பளித் தொப்பி போடு. அய்யா உன்னைக் காப்பார், நீ நிறைந்து வாழ வேண்டும். செம்பியின் பெயரை மட்டும் எடுத்துவிடாதே. இன்றைக்கும் அவர் மூன்று மாட்டுக்குத்தான் புல் அறுத்துக்கொண்டு வந்தார்.

உன் அம்மா,
முத்துக்கனி