மண் விடாத ஈயம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

மூடிய பேட்டரி ஆலையின் மண்ணை ஆய்வகத்தில் நான்காவது முறையாகக் கழுவியும் ஈயம் போகவில்லை. இலைதழை மக்கிய கறுப்புப் பொருள் அதை இறுகப் பிடித்திருக்கிறது. மக்கைச் சிதைக்க நான் விட்ட நொதியையும் அதுவே பிடித்துக்கொண்டது. எரிச்சலில் குடுவையை ஓங்கி வைத்தேன், உடைந்தது. விரலில் சின்னக் கீறல்தான், அப்பாவிடம் சொல்லாதே.

மண் கொண்டுவரும் டிரைவர் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர். "எப்பம்மா எங்க பிள்ளைங்க அங்க விளையாடலாம்?" என்று கேட்டார்.

"இன்னும் தெரியலண்ணா."

"சரிம்மா" என்று அடுத்த மூட்டையை இறக்கினார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

நான் தங்கியிருக்கும் அறை ஜன்னலுக்குத் திரை இல்லை. உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. துவைக்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை.

கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உன் மகள்