இன்னும் ஒரே ஒரு தையல்

அண்ணனுக்கு,

உன் விமானி ஜாக்கெட்டை மறுபடி பிரித்துவிட்டேன். இரண்டாம் உலகப் போர்க்கால ஜாக்கெட்டின் நகல்தான், ஆனால் ஆட்டுத்தோல் அசல். தோலில் ஊசி போன ஓட்டை மூடாது. உனக்கேற்றபடி இரண்டு முறை உள்ளே பிடித்துத் தைத்தாயிற்று. இன்னும் ஒரு முறைதான் தாங்கும். அதற்கு மேல் கிழிந்துவிடும்.

அண்ணி போனில் புது அளவு சொன்னார், இன்னும் குறைந்திருந்தது. "டேப்பைச் சரியாப் பிடிச்சீங்களா?" என்று எரிந்து விழுந்தேன். சரியாகத்தான் பிடித்தாராம்.

விமானக் கொட்டகையில் நம் குழுவின் நெவில் கேலி செய்தான். "ஆகஸ்ட் வெயில்ல, விமானக் கண்காட்சில நாமெல்லாம் இதுக்குள்ள வெந்து சாவோம். உங்கண்ணன் என்னடான்னா இன்னும் இறுக்கச் சொல்றான்."

"அவனுக்கு ஸ்டைல் முக்கியம்டா," என்றேன். வெயிலிலும் நீ கம்பளிக்குள் நடுங்குவதைச் சொல்லவில்லை.

"தொளதொளன்னு தொங்கினா ஸ்பிட்ஃபயர் விமானம் பக்கத்துல நிக்கமாட்டேன்" என்று சொன்னவன் நீ. அதனால்தான் இவ்வளவு பாடு.

மார்ச்சிலிருந்து உன் மார்பளவுகளை வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். எதையும் கோடு போட்டுப் பார்க்கும் தொழில் புத்தி. சரிந்துகொண்டே போன கோட்டை ஆகஸ்ட் வரை நீட்டினேன். நீட்டியிருக்கக் கூடாது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

இப்போது தைக்கப் போவதில்லை. விளிம்புகளைக் கிளிப்பால் பிடித்து வைத்திருக்கிறேன். கண்காட்சியன்று காலையில் உன் உடம்பில் போட்டுப் பார்த்து, அங்கேயே உட்கார்ந்து தைக்கிறேன். அன்றைக்கு எந்த அளவில் இருந்தாலும் பரவாயில்லை.

நீ இருந்தால் போதும்.

உன் தம்பி