‘உனக்கு எதுக்குடா போனு?’

மச்சான்,

இன்று காலை சிதம்பரத்தில் என் பிரவுசிங் சென்டரைத் திறக்கும்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கடல் கொந்தளிப்பாக இருக்கிறது, படகு எடுக்காதீர்கள் என்று ஒரு குறுஞ்செய்தி. காலையில் போய்ச் சேரும்படி நேற்றிரவு நானே எல்லோருக்கும் போட்டுவைத்தது, என் எண்ணுக்கும் வந்திருந்தது. தூறலில் நின்றபடியே உன்னை நினைத்துக்கொண்டேன்.

சிறுவயதுக் காய்ச்சலில் உன் காது போயிற்று; பேச்சு மட்டும் மிஞ்சியது. சுனாமி வந்த காலையில் கடலூர்க் கரையில் கடலுக்கு முதுகு காட்டி வலை பின்னிக்கொண்டிருந்தாய். பக்கத்து வீட்டுக்காரர் உன் சட்டையைப் பிடித்து இழுத்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து அவரைத் தள்ளினாய். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தாய். நிவாரண முகாமில் உன் அக்காவும் நானும் உன்னைக் கண்டபோது, “ஊரே கத்துச்சாம் மாமா. எனக்கு மட்டும் தெரியல” என்றாய்.

இரண்டு வருஷம் கழித்து நீ செல்போன் வாங்கியபோது சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். “காது கேக்காதவனுக்கு எதுக்குடா போனு?” நீ கோபப்படவில்லை. போனை அவர்கள் உள்ளங்கையில் வைத்து என்னை அழைக்கச் சொன்னாய். “அதிருதுல்ல? எனக்கு இது போதும்.”

அதன்பிறகு உனக்கு ஓய்வே இல்லை. உன்னைப் போன்றவர்களைத் தேடி ஊர் ஊராகப் பஸ் ஏறினாய். என் கடைக் கணினியில் வானிலை அறிக்கையைப் பார்த்து, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பக் கற்றோம். அந்த போன்களில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தோம். “படிக்கத் தெரியாதவுங்க என்ன பண்ணுவாங்க?” என்று நான் எழுதிக் காட்டினேன். நீ யோசித்துச் சொன்னாய்: “விடாம மிஸ்டு கால் குடுப்போம் மாமா. நிக்காம அதிர்ந்தா வீட்ட விட்டுக் கெளம்பணும்னு சொல்லி வெச்சிடறேன்.”

மேல்பட்டாம்பாக்கத்தில் தையல் வேலை செய்யும் காது கேளாத ஒரு பெண்ணுக்குப் போன் வாங்கித்தர அவள் அண்ணன் மறுத்தார். “நான் இருக்கேன், சொல்லிக்கறேன்” என்றார். நீ உன் பழைய போனையே கொடுத்துவிட்டு வந்தாய். 2011 கடைசியில் அந்தப் புயல் வந்தபோது அண்ணன் வெளியூரில் இருந்தார். மதியமே நம் செய்தி அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. பிள்ளையோடு பள்ளிக்கூடத்தில் தங்கப் போய்விட்டாள். மறுநாள் அவள் வீட்டுக் கூரை தெருவில் கிடந்தது. அவள் பிழைத்ததை அறிந்து நீ என் கடையிலேயே தேம்பித் தேம்பி அழுதாய். அடுத்த கோடையில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று.

போன வாரம் அந்தத் தையல்காரப் பெண்ணும் நானும் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனோம். காது கேளாதவர்களுக்கு அரசே செய்தி அனுப்ப வேண்டும் என்றோம்.

“மைக்லதான் சொல்றோமே” என்றார் அதிகாரி.

“அது இவுங்களுக்குக் கேக்காது சார்.”

“அதான் நீங்க அனுப்பறீங்களே.”

“நான் கடக்காரன் சார். எனக்கு ஒண்ணு ஆயிட்டா இவுங்களுக்கு யாரு சொல்லுவாங்க?”

பார்க்கலாம் என்றார். நான் எழுந்துவிட்டேன். அவள் எழவில்லை. ஒரு தாளில் ‘எப்போது?’ என்று எழுதி அவர் முன் நகர்த்தினாள். அவர் அதைப் படித்து, நாட்காட்டியைப் புரட்டிவிட்டு, “திங்கக்கெழம வாங்க” என்றார்.

நீ விட்டுப்போன வேலை எங்கள் கையில் இருக்கிறது மச்சான். திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை.