பன்னிரண்டு சனிக்கிழமைகள்

பரமட்டா
9 மார்ச் 2025

அன்புள்ள மாக்கிறேட் அன்ரிக்கு,

காது கேளாத உங்களுக்குப் போன் எடுக்க முடியாது. மெசேஜ் அனுப்பினால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கிறது என்று ஏசுவீர்கள். அதனால்தான் இரண்டு ஸ்ரேசன் தள்ளி வென்ற்வேர்த்வில்லில் இருக்கும் உங்களுக்குத் தாளில் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரிக்காதீர்கள். பதினொரு வயதில் மன்னாரை விட்டு வந்தவளுக்கு இவ்வளவு தமிழ் மிஞ்சியதே பெரிய காரியம்.

நேற்று உங்கள் வீட்டிலிருந்து திரும்பியதும், என்னை உங்களிடம் அனுப்பும் தொண்டு அமைப்பு தந்த வருகைத் தாளை எடுத்துப் பார்த்தேன். நான் வந்து போகும் ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் நீங்கள் ஒரு வரியில் கையெழுத்து வைக்க வேண்டும். நேற்றைய வரிக்குக் கீழே வெறுமையாகக் கிடந்த பன்னிரண்டு வரிகளிலும் வைத்திருக்கிறீர்கள். தவறுதலாகத்தானே?

மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது தொண்டு செய்த சான்றும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று நான் சொன்னது உண்மைதான். அதற்காக இப்படிச் செய்யலாமா? இந்த மாதம் நுழைவுத் தேர்வு இருக்கிறது. இரண்டு கிழமை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு தவறாமல் வருவேன்.

அன்புடன்,
அனோஜினி


வென்ற்வேர்த்வில்
14 மார்ச் 2025

அன்பு மகள் அனோஜினிக்கு,

மடுமாதா உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும். என் சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை, முழங்காலைத் தவிர.

தவறுதலாக வைக்கவில்லை. நீ கதிரையில் வாயைத் திறந்தபடி நித்திரை கொண்ட நேரத்தில்தான் வைத்தேன். மடியில் புத்தகம், அதில் ஈரலின் படம், அதன் மேல் உன் கன்னம். என்னைப் பார்க்க வந்த பிள்ளை இப்படிக் களைத்து விழுந்ததைப் பார்த்துத்தான் பேனையை எடுத்தேன். உன் கண்ணுக்குக் கீழே உள்ள கறுப்பை உன் அம்மா மெல்பேர்னிலிருந்து பார்க்கிறாளா?

நான் பதினெட்டு வருடம் ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை செய்தவள். எத்தனையோ டொக்டர்மாரின் கோட்டுகளை மடித்திருக்கிறேன். அவர்களில் ஒருவருக்கும் என் பெயர் தெரியாது. என் பெயர் தெரிந்த ஒரு டொக்டராவது இருக்கட்டுமே. நீ படி. நேரம் கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் அந்தக் கையெழுத்து இருக்கிறது. இது பாவமென்றால் என் பாவம். பாதரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாக்கிறேட் அன்ரி


பரமட்டா
27 ஏப்ரல் 2025

அன்புள்ள அன்ரிக்கு,

முதலில் திட்டிவிடுங்கள், பிறகு வாசியுங்கள். ஏழு சனிக்கிழமை போய்விட்டது.

நுழைவுத் தேர்வு முடிந்தது. முடிந்த அன்றே பல்கலைக்கழகத்தின் கரிம வேதியியலும் ஆய்வுகூட அறிக்கைகளும் வரிசையில் வந்து நின்றன. வார இறுதியில் பார்மசியில் வேலை. உயிர்த்த ஞாயிறு அன்று பூசைக்குக்கூடப் போகவில்லை, போனதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அறையில் கூட இருக்கும் ஸ்ருதி நல்லவள்தான், ஆனால் அவளும் என்னைப் போல ஒரு புத்தகத்துக்குள்தான் குடியிருக்கிறாள். சில நாட்களில் நான் வாய் திறந்து பேசுவதே பார்மசியில் "அடுத்தவர் வரலாம்" என்பது மட்டும்தான். அப்போதெல்லாம் உங்கள் கதிரை ஞாபகம் வரும். அங்கேதான் எனக்கு நித்திரை வருகிறது.

ஒன்றை உங்களிடம் மறைக்கக் கூடாது. மாத முடிவில் வருகைத் தாளைப் படம் எடுத்து அமைப்பின் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. முதலில் ஒரு வரிக்கு மட்டும் திகதி போட்டேன். பிறகு நான் வராத மற்றச் சனிக்கிழமைகளுக்கும் போட்டுவிட்டேன்.

வருகிற சனிக்கிழமை, மே மூன்றாம் திகதி, கட்டாயம் வருவேன்.

அன்புடன்,
அனோஜினி


வென்ற்வேர்த்வில்
2 ஜூன் 2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் இரண்டு ஸ்ரேசன் தாண்டி வர ஐந்து நாள் எடுத்தது. நீ அதைவிடக் கெட்டிக்காரி, இன்னும் வந்து சேரவில்லை.

மூன்றாம் திகதி பிட்டு அவித்து வைத்திருந்தேன். ஞாயிறும் அதைத்தான் சாப்பிட்டேன், திங்களும் அதைத்தான் சாப்பிட்டேன். இது முறைப்பாடு இல்லை, செய்தி.

அலுவலகத்திலிருந்து சயந்தினி வந்திருந்தாள். புதன்கிழமைகளில் ஒரு வான் எங்களைப் போன்றவர்களை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போகிறதாம். கடலைப் பார்த்து மூன்று வருடமாகிறது, என்னையும் ஏற்றுவீர்களா என்று கேட்டேன். அவள் என் கொப்பியில் எழுதிக் காட்டினாள்: "அன்ரி, உங்களிட்டத்தான் கிழமைக்குக் கிழமை அனோஜினி வாறா. ஒருத்தருமே வராத ஆக்கள் கனபேர் இருக்கினம். அவைக்குப் பிறகுதான் உங்கட பேர்."

"ஓம் பிள்ளை, அது நியாயம்தானே" என்றேன். வேறு என்ன சொல்ல?

அத்தோடு விடாமல், அனோஜினி வந்தால் என்ன செய்வீர்கள் என்றும் எழுதிக் கேட்டாள். உன்னைக் காட்டிக் கொடுக்க முடியுமா? சொன்னேன். ஒரு சனிக்கிழமை நீ என் கால் நகம் வெட்டிவிட்டாயாம். இன்னொரு சனிக்கிழமை என் புருஷன் பொனிபஸின் படத்தைத் துடைத்து, செத்த மனிசனுக்கு வெயில் படட்டும் என்று ஜன்னல் பக்கம் மாட்டினாயாம். குசினியில் உப்புப் போத்தலை எங்கே வைப்பது என்று நாங்கள் சண்டைகூடப் பிடித்தோமாம். சண்டை இருந்தால்தான் நம்புவார்கள் என்று அதையும் சேர்த்தேன். சொல்லச் சொல்ல எனக்கே நீ வந்து போனது போல இருந்தது. அன்று எனக்கு நல்ல நித்திரை.

விண்ணப்பம் போய்விட்டதா? அதை மட்டும் எழுது.

இப்படிக்கு,
மாக்கிறேட் அன்ரி


பரமட்டா
15 ஜூன் 2025

அன்புள்ள அன்ரிக்கு,

உங்கள் கடிதத்தை ரயிலில் வாசித்துவிட்டு இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் போய்விட்டேன். பத்து நாளாக என்னால் ஒரு பக்கம் படிக்க முடியவில்லை. என்னைப் பற்றி நினைத்தாலே அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்குப் போய் சயந்தினி அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பன்னிரண்டு சனிக்கிழமைகளில் ஒன்றுக்குக்கூட நான் வரவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அவர் சத்தம் போடவில்லை. "நீங்கள் இப்பிடிச் செய்வீங்களெண்டு நான் நினைக்கேல்லை" என்றார், அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விண்ணப்பத்தையும் திரும்பப் பெற்றுவிட்டேன். பொய்த் தாளைக் காட்டி டொக்டராக எனக்கு மனம் வரவில்லை.

இந்த அமைப்பில் இனி என்னைச் சேர்க்கமாட்டார்கள். அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிப்பேன். அதற்குள் ஆஸ்பத்திரியில் எங்காவது தொண்டு வேலை கேட்டு, இந்தமுறை உண்மையாகச் செய்வேன். உங்களிடம் வினுஷா என்ற பிள்ளையை அனுப்புவார்கள். வானிலும் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. சொன்னால் உடைந்துவிடுவார்.

சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனாலும் நீங்கள் மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதினால்தான் நான் மறுபடி புத்தகத்தைத் திறக்க முடியும்.

அன்புடன்,
அனோஜினி


வென்ற்வேர்த்வில்
27 ஜூன் 2025

அனோஜினிக்கு,

சயந்தினி வந்தாள். அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. உப்புப் போத்தல் சண்டைவரை சொன்னவள் அல்லவா நான்? போய்ச் சொல்லப் போகிறேன் என்று எனக்கு ஒரு வார்த்தை முன்கூட்டியே எழுதியிருக்கலாம். பரவாயில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனாள்.

வினுஷா புதன்கிழமை வந்தாள். நல்ல பிள்ளை. சிரித்த முகம். தாள் இல்லை இப்போது, ஒரு கண்ணாடிப் பலகையை நீட்டுகிறாள், விரலால் கையெழுத்து வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றுதான் வைக்க முடியுமாம். வானிலும் என் பெயர் போட்டாயிற்று. அடுத்த மாதம் கடல் பார்ப்பேன்.

நீ உண்மையைச் சொன்னது சரி. விண்ணப்பம் போய்விட்டதே என்று நான் அழுததும் உண்மை. இரண்டையும் எழுதிவிட்டேன். மன்னிப்புக் கேட்டாய். உன்மேல் எனக்குக் கோபமே வரவில்லையே மகள், எதை மன்னிக்க? மன்னித்தேன் என்று எழுதினால்தான் படிப்பாய் என்றால், இதோ எழுதுகிறேன், மன்னித்தேன். புத்தகத்தைத் திற.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அதில் சயந்தினி இருக்கிறாள், வினுஷா இருக்கிறாள், ஆஸ்பத்திரி இருக்கிறது, அம்மா இருக்கிறாள். மூன்றாம் தரம் தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். இனி வந்து போனதற்கு ஒருவரும் கையெழுத்துக் கேட்கமாட்டார்கள் அல்லவா, அதனால்தான் தேடினேன். சனிக்கிழமை வருகிறேன் என்று நீ எங்கேயும் எழுதவில்லை.

மாக்கிறேட் பொனிபஸ்